அருவிக்குப் போய்ப் பை பார்த்தவள்

இரண்டு முறை அருவிக்குப் போய்விட்டு, தலைமுடிகூட நனையாமல் திருப்பூர் திரும்பியவள் நான். மூன்றாவது முறை வேன் ஏறும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை குளிக்காமல் வரமாட்டேன் என்று.

பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். பட்டன், லேபிள், நூல் எல்லாம் என் பொறுப்பு. ஒரு கோன் நூல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இந்தப் பெருமைதான் எனக்கு வினையானது. முதல் வருஷம் கம்பெனி ஆட்கள் எல்லோரும் வேன் பிடித்து உடுமலைப் பக்கம் மலையடிவாரத்துக்குப் போனோம். அருவிக்கரையில் பைகள் தாறுமாறாகக் கிடந்தன. பார்க்கப் பொறுக்கவில்லை. வெட்டிய துணியில் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கர் என் கைப்பையில் இருந்தது. பைக்கு ஒன்றாக ஒட்டி, வரிசையாக அடுக்கிவைத்தேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து பை பார்ப்பது என் வேலையாகிவிட்டது.

இந்த வருஷம் அருவியில் நல்ல தண்ணீர். ஸ்டோரில் குனிந்து குனிந்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. அருவித் தண்ணீர் கொட்டினால் விட்டுவிடும் என்று ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆசையில்தான் அடிவாரத்திலிருந்து அருவி வரை மூச்சு வாங்க அத்தனை படியும் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவராக வந்து பையை என் காலடியில் வைத்தார்கள். கை தானாக நம்பர் ஒட்டியது.

“அக்கா, நீங்க இருந்தாப் போதுமுங்க, ஒரு ஊசிகூடப் போகாது” என்றாள் ஒரு டெய்லர் பெண்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே, “ஏம்புள்ள, பத்தே நிமிஷம். நான் வந்து பாத்துக்கறேன், அப்பறம் நீ போ” என்றார்.

பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. ஆண்கள் பக்கக் கூட்டத்தில் அவர் தலை அவ்வப்போது தெரிந்தது. வாங்க என்று கையைக் காட்டினேன். அவரும் சந்தோஷமாகக் கையைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது காவலுக்கு நின்றவர் விசில் ஊதினார். “இன்னும் அஞ்சு நிமிஷந்தானுங்க, எல்லாரும் வெளிய வாங்க.”

போதும் என்று எழுந்தேன். இருபத்திரண்டு பைகளையும் அப்படியே போட்டுவிட்டு, பெண்கள் பக்கம் போய்த் தண்ணீருக்கடியில் நின்றேன். தண்ணீர் விழுந்த வேகத்தில் கழுத்து வலித்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் பாதி மனசு பைகளிடமே இருந்தது. பதினேழாம் நம்பர் பையில் அந்த டெய்லர் பெண் தோட்டைக் கழற்றி வைத்திருந்தாள். கண்ணை மூடினால் அந்தத் தோடுதான் தெரிந்தது. அதற்குள் அடுத்த விசில்.

சொட்டச் சொட்டத் திரும்பினேன். எல்லோரும் எனக்கு முன்பே பைகளிடம் வந்து நின்றிருந்தார்கள். வீட்டுக்காரர் முகம் வெளிறியிருந்தது.

“பைய உட்டுப்போட்டு எங்க போன?”

“குளிக்க.”

அவசர அவசரமாக அவரவர் பையைத் திறந்து துழாவினார்கள். போன் இருந்தது, பர்ஸ் இருந்தது, தோடும் இருந்தது.

“ஒண்ணும் போகலீங்கக்கா” என்று டெய்லர் பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு செருப்பாவது தொலைந்திருக்கக் கூடாதா? முந்தின இரண்டு வருஷமும் நான் அங்கே காய்ந்துபோய் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.