யாராவது படத்தைப் பாருங்கப்பா

முனீஸ்வரிக்கு வண்ணம் என்றாலே எரிச்சல். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் மிஷினில் ஓடுவதெல்லாம் கிளிப்பச்சையில் ரோஸ் பூ, ஆரஞ்சில் ஊதாப் பூ, போதாததற்கு மேலே ஒரு மயில். கண் பூத்துப்போய் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், வெளியே தெரிகிற மலைகூட நைட்டித் துணி மாதிரிதான் தெரியும். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன மொபைலில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுக்கலாம் என்று ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். வெயிலில் அலைந்துவிட்டு நிழலுக்கு வந்ததுபோல அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அன்றைக்குப் பிடித்ததுதான் பைத்தியம். மில் சுவரின் நிழல், மழை பெய்து ஓய்ந்த பஸ் ஸ்டாண்டு, வெட்டுத்துணி மூட்டைக்கு மேல் தூங்கும் பூனை என்று எதையும் விடவில்லை. எடுத்ததை யாரிடம் காட்டுவது? அதற்காகத்தான் மெல்வினின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். மெல்வின் ஸ்ரீவில்லிபுத்தூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து ரசிக்க வேண்டும் என்று குழு ஆரம்பித்தான். படத்துக்குக் கீழே அதன் பெயரும் எடுத்த தேதியும் கட்டாயம் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் வைத்தான்.

ரசித்தார்களா? அதை ஏன் கேட்கிறீர்கள். எந்தப் படத்தைப் போட்டாலும் ஒரு கட்டைவிரல், ஒரு ‘சூப்பர்’, நாலு கைதட்டல். பூனையும் சூப்பர், பஸ் ஸ்டாண்டும் சூப்பர், கைதவறி எடுத்துத் தெரியாமல் அனுப்பிய அவளுடைய செருப்புக்கால்கூட சூப்பர். ஆலங்குளத்து வேல்பாண்டி அண்ணாச்சி, சிமெண்ட் ஆலையில் ரிட்டயர் ஆனவர், தினமும் விடிந்தும் விடியாமலும் ‘இனிய காலை வணக்கம்’ என்று ஒரு ரோஜாப்பூ அனுப்புவார். இங்கே கலர்ப் படம் கூடாது என்று மெல்வின் கண்டித்தான். மறுநாள் அதே ரோஜாப்பூ கறுப்பு வெள்ளையில் வந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் எல்லாரும் கூடி, மொபைல்களைக் கைமாற்றிப் பார்ப்பார்கள். போன முறை அவள் மில் சுவர்ப் படத்தைக் காட்டினாள். வேல்பாண்டி அண்ணாச்சி அதை ஒரே தள்ளில் தள்ளிவிட்டு, அடுத்து வந்த அவள் மகளின் வளைகாப்புப் படத்தில் நின்றுகொண்டார்.

“மாப்பிள்ளை எங்க வேலை பாக்காரும்மா?”

முனீஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த இடம் நன்றாக இருக்கிறது, இந்த இடம் சொதப்பல் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா? இன்னும் ஒரே ஒரு படம் போடுவது, அதையும் ஒருத்தரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றால் குழுவையும் விட்டு, படம் எடுப்பதையும் விட்டுவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தாள்.

அந்த வாரத்துக்கு மெல்வின் கொடுத்த தலைப்பு ‘ஜன்னல் வெளிச்சம்’. அவள் கணவர் தவசிமுத்துவுக்கு மில்லில் நைட் ஷிப்ட். காலையில் வந்ததும் ஜன்னலோரச் சுவரில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிடுவார். முனீஸ்வரி வாரம் முழுக்கத் தினமும் அவரை எடுத்தாள். சனிக்கிழமைதான் படம் அமைந்தது. கன்ன எலும்பில் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. அதற்குக் கீழே நல்ல அடர்த்தியான நிழல். இப்படி ஒரு நிழல் அவளுக்கு இதுவரை எந்தப் படத்திலும் கிடைத்ததில்லை. தொடாமல் கிடந்த இட்லித் தட்டு மட்டும் குறுக்கே விழுந்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டு எடுத்தாள். சட்டப்படி கீழே ‘தவசிமுத்து’ என்று போட்டு, அன்றைய தேதியையும் போட்டு, குழுவுக்கு அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மத்தியானம் வரைக்கும் மொபைல் ஓயாமல் அதிர்ந்தது. கடைசியில் பார்த்துவிட்டார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆசையாகத் திறந்தாள்.

‘ஆழ்ந்த இரங்கல்.’

அடுத்து வரிசையாகக் கும்பிட்ட கைகள். ‘கர்த்தர் குடும்பத்தாருக்கு ஆறுதல் அருள்வாராக’ என்று மெல்வின். ‘தங்கமான மனிதர்’ என்று ஒருவர். அவர் தவசிமுத்துவை ஒருநாளும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

‘அவிய உயிரோட இருக்காக. வெளிச்சத்தப் பாருங்க’ என்று அடித்து அனுப்பினாள். வேல்பாண்டி அண்ணாச்சியிடமிருந்து உடனே பதில் வந்தது.

‘ஆமாம்மா. நல்லவிய எல்லாரும் நம்ம மனசுல உயிரோடதான் இருப்பாக. தைரியமா இரு.’

“அட பாவிகளா!” என்று அவள் போட்ட சத்தத்தில் மிஷின்கள் எல்லாம் நின்றன. மெல்வினுக்குப் போன் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. பெர்மிஷன் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலுக்கு வந்தால், ரோஜா மாலையைக் கையில் பிடித்தபடி மெல்வின் நிற்கிறான். பக்கத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேல்பாண்டி அண்ணாச்சி. அவர்களுக்கு எதிரே, தூக்கம் கலைந்த முகத்தோடு கைலியை இறுக்கிக் கட்டியபடி தவசிமுத்து.

“யாருக்குப்பா மாலை?” என்று கேட்டார் தவசிமுத்து.

மெல்வின் மாலையைக் கொஞ்சம் தாழ்த்தினான். “உங்களுக்குத்தான்ணே.”

முனீஸ்வரிக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. “ஏம்ப்பா, ஒரு போன் போட்டுக் கேக்கணும்னு தோணலையா?”

“துக்க வீட்டுக்குப் போன் போட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்க்கா.”

“நான் போட்டேன்ல! அத எடுத்தியா?”

“வண்டி ஓட்டிட்டு வந்தேன்க்கா.”

“நீயும் கோவிக்காதம்மா,” என்றார் வேல்பாண்டி அண்ணாச்சி. “கறுப்பு வெள்ளையில ஆம்பள முகம். கண்ணு மூடியிருக்கு. கீழ பேரு, தேதி. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல வேற எப்படிப் போடுவாக?”

“தேதி போடச் சொன்னது இந்த மெல்வின்தான! பேரப் பாத்தீக, தேதியப் பாத்தீக. அதுல விழுந்த வெளிச்சத்த ஒருத்தராவது பாத்தீகளா? எம்புட்டு நாளாத் தொண்டத் தண்ணி வத்தக் கேக்கேன்!”

தவசிமுத்து கையை நீட்டினார்.

“ஏட்டி, அந்தப் போட்டோவக் குடு, பாப்போம்.”

வாங்கியவர் வாசல்படியில் உட்கார்ந்தார். பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி, திரும்பவும் பார்த்தார். அவள் எடுத்த எந்தப் படத்தையும் இத்தனை நேரம் ஒருவர் பார்த்ததில்லை. முனீஸ்வரி கோபம் இறங்கி, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“வெளிச்சம் நல்லா வந்துருக்கா?”

“வெளிச்சம் கெடக்கு. கன்னம் இம்புட்டா உள்ள போயிருச்சு?”

அவள் மொபைலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலும் இல்லை, காலை வெயிலும் இல்லை. அந்த நிழல் அங்கேயே இருந்தது.

“எப்பருந்துங்க?”

“ரெண்டு மூணு மாசமா சாப்பாடு எறங்கவே மாட்டேங்கு,” என்றார் தவசிமுத்து. “தெனமும் காலையில எம் மூஞ்சியவே உத்து உத்துப் பாத்துட்டு இருந்த. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவன்னு நானும் இருந்துட்டேன்.”

முனீஸ்வரி உள்ளே போய் அவருடைய சட்டையை எடுத்து வந்து, சின்னப்பிள்ளைக்குப் போடுவதுபோல அவளே மாட்டிவிட்டாள். பட்டன் போடும்போது, சட்டை எவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்தது. மெல்வின் மாலையை வாசலில் வைக்கவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் ஒரு நிமிடம் தவித்தான். பிறகு அதை அண்ணாச்சியின் கையில் திணித்துவிட்டு, “ஏறுங்கண்ணே” என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணினான்.