கடைசி வரிசை ஓரம்

“உக்காந்திருக்கவளுக்கு என்னட்டி அடிபடப் போகுது? இதுக்கெல்லாமா காலேஜ்ல படிப்பு வச்சிருக்காவ?”

போன வருடம் ஆனி மாதச் சாயங்காலம் ஒன்றில், ராஜபாளையத்தில் ஒரு மில் வாசலில் வேன் டிரைவர் இப்படிக் கேட்டார். எங்கள் தேவதானத்துக்காரர், முறைக்கு மாமா. வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் கடைசி வருடம். உட்கார்ந்திருக்கும் உடம்பை மேலும் கீழுமாகத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்று கணினியில் கணக்கிடுவது என் புராஜெக்ட். இடுப்பு, நெஞ்சு, தலை மூன்றும் மூன்று எடைகள். முதுகெலும்புக்குப் பதில் ஸ்பிரிங்.

அம்மாவுக்கு அந்த மில்லில் ஷிப்டு முழுக்க நின்றே வேலை. அதனால் வேனில் கடைசி வரிசை ஓரத்துக்குத்தான் எல்லாருக்கும் போட்டி. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கலாம். பின் சக்கரத்துக்கும் பின்னால் என்பதால் குலுக்கலும் அங்கேதான் அதிகம். சண்டை வராமலிருக்க வாரம் ஒருவர் என்று முறை வைத்திருந்தார்கள். அன்று அம்மாவின் முறை. அதிர்வை அளக்க என் போனை அந்த சீட்டோடு டேப் போட்டு ஒட்டினேன்.

“ஏட்டி, உங்கம்மா கனத்துக்குப் போன் நசுங்கிரும்!” என்றார் பக்கத்து சீட் அக்கா. அம்மா சிரித்தபடியே கண்ணயர்ந்தாள்.

சேத்தூர் தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி துள்ளியது. தூக்கத்தில் தளர்ந்திருந்த அம்மா மேலே எழும்பி, தொம்மென்று விழுந்தாள். அலறக்கூட இல்லை. வேனை விட்டு இறங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். “எங்கிருந்து விழுந்தாங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“விழல சார். உக்காந்துதான் இருந்தாங்க.”

அவர் நம்பாமல் பார்த்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மா சொன்னாள்: “நெசந்தான் சார். எம் பிள்ள அதத்தான் படிக்கா.”

அந்த வலியிலும் அவள் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை.

போனில் பதிவான குலுக்கலைப் பிறகு கணினிக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் அமுங்கி, உடனே பழைய உயரத்துக்கு வந்து நின்றது. எக்ஸ்ரேயில் முதுகில் ஓர் எலும்பு தட்டையாகி அப்படியே கிடந்தது. அம்மா அதோடு மில்லுக்குப் போகவில்லை. இன்று வரை ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. அந்த ஓர சீட் மட்டும் காலியாகவில்லை. இந்த வாரம் அந்தப் பக்கத்து சீட் அக்காவின் முறை.

எக்ஸ்ரேயை மில் ஆபீசில் காட்டி, கடைசி வரிசையைக் கழற்றச் சொன்னேன். “பாப்போம்மா” என்றார்கள். வாசலில் வேனோடு நின்ற மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே ஒருவர் விழ முடியும் என்பதை அம்மாவின் முதுகு எனக்குத் தினமும் சொல்கிறது. கணக்கிலிருந்து அந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஒருமுறை அமுங்கினால் திரும்பாத ஒன்றை அங்கே வைத்து, முதலிலிருந்து தொடங்கிவிட்டேன்.