இரண்டு இருபதுக்கு வரும் தலையிடி

வலி வர முதலே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் கொட்டாவி, நித்திரை வராத நேரத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு இடப்பக்கக் கழுத்து இறுகும். இடது மூக்கு மட்டும் அடைக்கும். கடைசியில் இடது கண்ணுக்குப் பின்னால் பெருவிரலை வைத்து யாரோ அழுத்துவது போல இருக்கும். அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு இருபதுக்கு அது வந்துகொண்டிருந்தது.

வெள்ளவத்தையில் டொக்டரிடம் போனேன். "எப்ப வருது, எங்க நிக்கேக்க வருது, வர முதல் என்ன செய்யுது, எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வாரும்," என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுதச் சொன்னதை அரைகுறையாக எழுதத் தெரியாது. வீடு வீடாகப் போய் ரியூசன் கொடுத்து வந்ததால் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடம். சின்னக் கொப்பியொன்றில் கோடு போட்டு எழுதினேன்: '1.50, தெஹிவளை ரயில் நிலையம், கொட்டாவி. 2.05, பாமன்கடைப் பாலம், கழுத்து.' கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெடியனின் சட்டைப்பையில் அப்படியொரு கொப்பி இருக்கலாமா என்று யோசிக்கவில்லை.

அதை டொக்டரிடம் கொண்டுபோன நாளில் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை சரி, பொலிஸ் பதிவும் சரி. கொப்பி சரியில்லை. ஒன்றே முக்காலுக்கு நான் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தேன்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கொன்ஸ்டபிள் மொழிபெயர்த்தார்.

"என்ன தம்பி இது?"

"தலையிடி, சேர்."

"தலையிடிக்கு ஸ்டேசன் என்னத்துக்கு? பாலம் என்னத்துக்கு?"

"அங்க நிக்கேக்க வந்தது. டொக்டர் எழுதச் சொன்னவர்."

"எழுதச் சொன்னா இப்படியா எழுதுற? எங்கட பொலிஸ் புத்தகம் கூட இவ்வளவு வடிவா இல்ல."

அதைச் சிங்களத்தில் சொன்னதும் இன்ஸ்பெக்டரும் சிரித்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஏதோ சொன்னார். கொன்ஸ்டபிள் என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார். "இண்டைக்கும் ரெண்டு இருவதுக்கு வந்தா சரியாம். வரல்லாட்டி விசாரணைக்கு வேற எடத்துக்கு அனுப்புவாராம்."

என் பக்கத்து அறைக்காரனை அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரு மாதமாகியும் அவனுடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது.

ஒன்று ஐம்பது. கொட்டாவி வரவில்லை. இரண்டு மணி. கழுத்தும் இறுகவில்லை. வாயைத் திறந்து பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. பயம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. மணிக்கூட்டு முள்ளைப் பார்த்தபடி, வா என்று மட்டும் நினைத்தேன். இரண்டு ஏழுக்கு ஒரு கொட்டாவி வந்தது. பிறகு கழுத்து, மூக்கு. இரண்டு இருபதும் தாண்டியது.

"என்ன தம்பி, இண்டைக்கு லீவா?" என்றார் கொன்ஸ்டபிள்.

இரண்டு இருபத்தாறுக்குப் பெருவிரல் அழுத்தியது. எழுந்தேன். இருக்கச் சொன்னார்கள்; முடியவில்லை. சுவருக்குச் சுவர் நடந்தேன். இடது கண்ணால் நீர் ஓடியது, இமை தானாக விழுந்தது. சுவரில் தலையை மோதினேன். கொன்ஸ்டபிள் வந்து தன் உள்ளங்கையைச் சுவருக்கும் என் தலைக்கும் நடுவில் வைத்தார்.

முக்கால் மணித்தியாலத்தில் அது போய்விட்டது. இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு ஏதோ கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் இப்படியா எண்டு கேக்குறார்."

"ஓம். இண்டைக்கு ஆறு நிமிசம் பிந்திப்போச்சு," என்றேன்.

கொன்ஸ்டபிள் அதையும் மொழிபெயர்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கொப்பியை இன்ஸ்பெக்டர் மேசை லாச்சிக்குள் வைத்தார். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நாலு மணிக்குத் தெஹிவளையில் ஒரு பிள்ளைக்குக் கணக்குப் பாடம் இருந்தது. பஸ் எடுத்துப் போனேன்.