முன்னறைக்கு அளவெடுத்தவர்

சித்தூரில் எங்கள் சந்து பழைய மிஷன் காலத்துச் சந்து. ஒரு காலத்தில் சாயங்கால ஜெபமணி அடித்ததும் அடங்கிவிடும். எழுபதுகளின் கடைசியில் அதற்குத் தூக்கமே போயிற்று. வீட்டு முன்னறைகள் எல்லாம் ரெடிமேட் கடையும் ஐஸ்கிரீம் பார்லருமாயின. செகண்ட் ஷோ விட்டு வருகிறவர்கள்கூட டியூப் லைட்டடியில் நின்று ரோஸ் மில்க் குடித்தார்கள். மாறாதது எங்கள் வீடு மட்டுந்தான். நைனா, அதாவது என் அப்பா, தெருப்பக்க ஜன்னலை ஆணி வைத்து அடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்கிற அறையில் சினிமாப் பாட்டுக் கேட்கக் கூடாதாம்.

எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த நாயுடுபேட்டைக்காரர் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். "அம்மகாரு, பாகுன்னாரா?" என்று என் அம்மாவைத் தெலுங்கில் நலம் விசாரிக்க அத்தனை பணிவு எதற்கு? பக்கத்து வீட்டுக்காரரிடமும் இப்படித்தான் குழைந்தார். கிறிஸ்துமஸுக்குள் அந்த வீட்டு முன்னறையில் அவருடைய வளையல்கள் தொங்கின. அடுத்தது எங்கள் முன்னறைதான். நான் பிறந்த அறை அது, எவனுக்கும் விடுவதாயில்லை.

ஒருநாள் நான் ஆபீஸ் முடிந்து வரும்போது அவர் எங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்தார். கையில் அளவு டேப். என்னைக் கண்டதும் சிரித்துவிட்டு நழுவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போனால், ஜன்னலடியில் இருந்த பிடி அரிசிப் பானையைக் காணோம். உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று அம்மா ஒரு பிடி எடுத்துப் போடுகிற பானை. சபை ஆட்கள் வந்து வாங்கிப்போக வசதியாக எப்போதும் அங்கேதான் இருக்கும். இப்போது அடுப்பங்கரை மூலையில் கிடந்தது. சரிதான், நைனா கமுக்கமாக வாடகை பேசிவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ரூமை அந்த ஆளுக்கு உட்டுட்டியா நைனா?"

"நானா? நீதான் அவனாண்ட ஏதோ பேசிக்கினு கீறன்னு நெனச்சேன்."

ஆக, அவர் இத்தனை நாளும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். நல்ல குடும்பம்.

அம்மா ஆணி பிடுங்கும் குறடோடு வந்தாள்.

"யாருக்கும் உடல. கடை எனக்கு. நாந்தான் அந்த அண்ணனை இட்டாந்து அளவெடுக்கச் சொன்னேன். ஜன்னலாண்ட தையல் மிஷின், இந்தாண்ட கண்ணாடிப் பொட்டி. இந்தச் சந்து பூரா ஜாக்கெட்டு தைக்கிறவ நானு. இன்னும் எவ்ளோ நாளு அடுப்பங்கரைப் பொகையில குந்திக்கினு தைக்கிறது?"

தெருவில் போகிறவனையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, அம்மா மேல் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவளுக்கும் ஒரு ஆசை இருக்கும் என்று நினைத்திருந்தால்தானே வரும். வெட்கமாக இருந்தது.

நைனா மெதுவாகக் கேட்டார்: "அப்போ ஜெபக்கூட்டத்தை எங்க வைக்கிறது?"

"அடுப்பங்கரையில. நீங்கல்லாம் இங்க பாடறப்போ, நான் அங்கருந்துதானே இத்தினி வருசமா ஜெபம் பண்றேன். காப்பி வந்துச்சான்னு கேட்டீங்க. நான் இன்னா ஜெபம் பண்ணேன்னு யாராவது கேட்டீங்களா?"

சொல்லிவிட்டு ஜன்னலின் முதல் ஆணியைப் பிடுங்கினாள்.