நடு ஸ்பீக்கர்

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதுவும் ஒல்லிச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். அதனால் அவர் வீட்டில் நடந்ததில் பாதி என் காதில் தானாக விழுந்தது. மீதியை அவரே பிற்பாடு சொன்னார்.

பட்டறையில் அவருக்கு 'தியேட்டர்' என்று பெயர். தகடுகளை அச்சில் கொடுத்து அழுத்தி கீல், தாழ்ப்பாள், டப்பா மூடி என்று வெட்டி எடுக்கும் பட்டறை. இருபத்தாறு வருஷம் அங்கே ஒரே அழுத்து இயந்திரத்தின் முன்னால் நின்றவர். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்ததும் முந்தின வாரம் பார்த்த படத்தை எடுத்துவிடுவார். வெறும் கதை மட்டும் சொல்ல மாட்டார். கதவு கிறீச்சிடுவது, குதிரை ஓடுவது, ஈரத் தரையில் ஒருத்தன் பூட்ஸ் காலோடு நடந்து வருவது எல்லாம் வாயாலேயே வரும். படத்தைப் பார்த்தவர்கள்கூட இவர் சொல்லிக் கேட்ட பிறகு, 'நாம பார்த்தது இவ்வளவு நல்லா இல்லையே' என்பார்களாம்.

மகள் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், வீட்டுக்கே ஒரு தியேட்டர் வாங்கினார். ஐந்து சின்ன ஸ்பீக்கர், அடித்தொண்டையில் உறுமுகிற பெரிய பெட்டி ஒன்று, எல்லாவற்றையும் மேய்க்க ஓர் ஆம்ப்ளிஃபையர். ஒயரையெல்லாம் அவரே சுவர் ஓரமாக இழுத்து ஆணியடித்தார். அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். ஹாலில் இருந்த அவருடைய தையல் மிஷின் சமையலறைக்குக் குடிபோனது. "பின்னாடி ஸ்பீக்கருக்கு இடம் வேணும்ல" என்றார்.

முதல் படத்துக்கு என்னையும் கூப்பிட்டார். மழை என் பிடரிக்குப் பின்னாலிருந்து பெய்தது. நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றைக்கு அவரைவிடச் சந்தோஷமான மனுஷன் அந்தத் தெருவில் இல்லை.

இரண்டு மூன்று வருஷம் அப்படியே ஓடியது. அப்புறம்தான், "பேசுறது புரியலை" என்று ஆரம்பித்தார்.

"இப்ப வர்ற படத்துல எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறானுங்க. வெடி வெடிச்சா கேக்குது, மனுஷன் பேசினா கேக்கலை."

சத்தத்தைக் கூட்டினார். பேச்சோடு சேர்ந்து உறுமலும் கூடியது. என் அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் தாமாக நகர்ந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. ஒருநாள் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பொட்டி சின்னது சார். அதான் கூட்ட வேண்டியிருக்கு. பெரிசா மாத்திட்டேன்னா கம்மியா வெச்சாலே கேக்கும். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

படத்தில் வரும் பேச்செல்லாம் டி.வி.க்கு நேர் கீழே இருக்கும் நடு ஸ்பீக்கரில்தான் வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முதலில் அதை மாற்றினார். கொஞ்ச நாளில் ஆம்ப்ளிஃபையரை மாற்றினார். மறுபடி நடு ஸ்பீக்கரையே, முந்தியதைவிடப் பெரியதாக. தரையில் கனமான கம்பளம் வந்தது. சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டினார். ஹால் கிணறு மாதிரி ஆனது. எதுவும் எடுபடவில்லை.

"அப்பா, நாங்க கூப்பிட்டாலும்தான் நீங்க 'என்ன, என்ன'ன்னு கேக்குறீங்க" என்றாள் மகள்.

"நீயும்தான் வாய்க்குள்ளேயே பேசுற."

கடைசியில், ஸ்பீக்கர்களை அளந்து சரிசெய்து கொடுக்கும் ஓர் அம்மாளை வரவழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோளில் கருவிப் பையும் கையில் முக்காலியுமாக வந்தார். புதிதாக வந்திருந்த நடு ஸ்பீக்கர் தூக்க முடியாத கனம். ஒரு கை பிடிக்க என்னையும் கூப்பிட்டார்கள். அதனால் நானும் அங்கே இருந்தேன்.

அந்த அம்மாள் முக்காலியில் ஒரு மைக்கைப் பொருத்தி, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்தார். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக இரைச்சலை விட்டு ஏதோ குறித்துக்கொண்டார். கடைசியாக நடு ஸ்பீக்கர். "அடிச் சத்தத்துல ஆரம்பிச்சு மேல போகும் சார். எல்லாச் சத்தமும் ஒழுங்கா வருதான்னு பாக்குறதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

வண்டு போல ஆரம்பித்தது. மெல்ல மெல்ல ஏறி விசில் ஆனது. விசில் மெலிந்து ஊசியாக ஏறிக்கொண்டே போனது. ஸ்பீக்கர் மேல் கை வைத்துக் குனிந்து நின்றார் தியேட்டர். பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார்.

"பாருங்கம்மா, நின்னுடுச்சு. நான் சொல்லலை? இதுதான் கோளாறு. பாதியிலேயே நின்னு போகுது."

சத்தம் நிற்கவில்லை. என் பல் கூசிக்கொண்டிருந்தது. அவர் மனைவி இரண்டு காதிலும் விரலை வைத்திருந்தார். மகள், "என்னம்மா இது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தவள், அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னொரு தடவை போடுறேன் சார்" என்றார் ஸ்பீக்கர்காரம்மா, நிதானமாக.

இந்த முறை அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் விரல்கள் காதுக்குப் போனதைப் பார்த்தார். அவை அங்கேயே இருந்ததையும் பார்த்தார். விரல்கள் கீழே இறங்கிய பிறகு, "இப்ப சரியா இருக்கு" என்றார்.

ஸ்பீக்கர்காரம்மா பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் திரும்பி நின்றார். "சார், பொட்டியில ஒண்ணும் இல்லை. ஒரு தடவை காது டாக்டரைப் பாத்துடுங்க. மிஷின் பக்கத்துல நிக்கிறவங்களுக்கு இது வர்றதுதான்."

"உன் வேலை பொட்டியைப் பாக்குறது. என் காதைப் பாக்கவா உன்னைக் கூப்பிட்டேன்?"

அந்த அம்மாள் படியிறங்கிப் போனார். நானும் நழுவி வந்துவிட்டேன். என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"நாளைக்கே போயிட்டு வந்துடலாங்க."

"போனா? காது போச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பான். அது பட்டறைக்குப் போச்சுன்னா என்னை மிஷின்கிட்ட விடுவானா? மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவான். ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கு. வாயை மூடிக்கிட்டு இரு."

ரகசியம் பேசுவதாக நினைத்து அவர் அதைக் கத்திக்கொண்டிருந்தார்.

இனி ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையில் அச்சைப் பொருத்துகிறவர் அவர். தியேட்டரின் வயசுதான், ஆள் ஒல்லி. அதனால் ஆணி. பதினைந்து வருஷமாக இருவரும் ஒரே இயந்திரத்தில். அச்சுக்குள் தகடு சிக்கிக்கொண்டால் ஆணி உள்ளே கையை விட்டு எடுப்பார். விடும்போது "கை" என்று குரல் கொடுப்பார். எடுத்த பிறகு "சரி" என்பார். தியேட்டர் பெடலை மிதிப்பார். சட்டப்படி ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை விட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு ஆக வேண்டிய உருப்படி ஆகாது. மேற்பார்வை பார்ப்பவர் கடிகாரத்தைக் காட்டுவார். அதனால் "கை", "சரி" என்ற இரண்டு சொல்லில்தான் பதினைந்து வருஷம் ஓடியது.

அந்தச் சொற்கள் காதில் விழுவது நின்று எத்தனை நாளாயிற்று என்று தியேட்டருக்கே தெரியாது. எப்போதிலிருந்தோ ஆணியின் வாயைப் பார்த்துத்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். "கைன்னா வாய் திறக்கும் சார், சரின்னா பல்லு தெரியும்" என்று என்னிடம் பிறகு சொன்னார்.

ஸ்பீக்கர்காரம்மா வந்துபோன நாலாம் மாதம் ஆணிக்குக் கடுமையான ஜலதோஷம். எண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளாமல் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். பத்தரை மணிக்குத் தகடு சிக்கியது. கைக்குட்டைக்குள்ளிருந்து ஏதோ குரல் வந்தது. தியேட்டர், துணி அசைந்ததை மட்டும் பார்த்து, அதைச் "சரி" என்று எடுத்துக்கொண்டார்.

வலது கையில் மூன்று விரல் போனது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். "அவன் குரல் கொடுத்தானா?"

"எனக்கு எதுவும் கேக்கலை சார்" என்றார் தியேட்டர்.

அது பொய் இல்லை. அவர் அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டார். மேனேஜர், 'குரல் கொடுக்காமலும் சுவிட்சை அணைக்காமலும் கையை விட்டதால் நேர்ந்தது' என்று எழுதி நீட்டினார். தியேட்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆணியின் மனைவி வந்தார். சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர், வேலை முடிந்து நேரே வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"அவரு கத்தினேன்னு சொல்றாரு. நீங்க, அவரு கத்தலைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. நான் சண்டைக்கு வரலை அண்ணே. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. அவர்கூட இனிமே இருக்கப்போறவ நான். எனக்குத் தெரியணும்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் மனைவியின் குரல் சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தது.

"இவருக்குக் காது கேக்காதும்மா. நாலு மாசமா எங்க எல்லாருக்கும் தெரியும்."

எங்க எல்லாருக்கும் என்றதில் நானும் உண்டு. ஸ்பீக்கரைத் தூக்கப் போனவன்தானே நான். பட்டறைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆணி யாரென்று விசாரித்திருக்கலாம். அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று டம்ளர்களைத் துணி சுற்றி வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து தியேட்டர் காது டாக்டரிடம் போனார். டாக்டர் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றார். "அவன் கத்தினான் சார். எனக்குத்தான் காது இல்லை. முன்னாடியே எனக்குத் தெரியும். மறைச்சுட்டேன்" என்றார். தைரியம் ஒன்றும் இல்லை, வீட்டில் யாரும் தன் முகத்தைப் பார்த்துப் பேசாததுதான் காரணம் என்று என்னிடம் சொன்னார்.

ஆணியின் பேரில் எழுதியதைக் கிழித்தார்கள். அவருக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு சேர்ந்தது. சரக்கு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் கொடுத்தார்கள். காதை மறைத்துக் கையெழுத்துப் போட்டதற்காகத் தியேட்டரை வெளியே அனுப்பினார்கள்.

இருபத்தாறு வருஷம் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று போன காது அது. காதை அடைத்துக்கொள்ள ஒரு பஞ்சுகூட அவர்கள் கொடுத்ததில்லை. அதைச் சொல்லி அவர் மகள் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். பட்டறையின் வக்கீல் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். இவர் வீட்டில் ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு தினமும் காது கிழியச் சத்தம் வைப்பவர், காது போனது அங்கேதான் என்றார்.

அந்தக் கடிதம் நான் எழுதியது. இதுவரை சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டாவது நடு ஸ்பீக்கர் வந்த சமயத்தில், டம்ளர் ஒன்று விழுந்து உடைந்த கோபத்தில், வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிப் போட்டேன். 'சகிக்க முடியாத சத்தம், தினந்தோறும்' என்று எழுதியிருந்தேன். தினந்தோறும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள். கோபத்தில் அப்படி வந்துவிட்டது. சொந்தக்காரரிடமிருந்து அது வக்கீல் கைக்கு எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. நானே அலுவலகத்துக்குப் போய், 'தினந்தோறும்' தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அதையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். மனு தள்ளுபடியானது.

தியேட்டர் அதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சத்தம் அதிகம்தானே சார்" என்றார், அவ்வளவுதான். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மகள்தான் அவருக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தாள். அந்த ஸ்பீக்கர்காரம்மாவே மறுபடி வந்து, டி.வி. சத்தம் நேராக அந்தக் கருவிக்குள் போகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார். தியேட்டர் வாசல்வரை கூடப் போய், "அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார். "விடுங்க சார்" என்று அந்த அம்மாள் போய்விட்டார். இப்போது அந்த வீட்டில் ஸ்பீக்கர்கள் பாடுவதே இல்லை. கருவியில் சத்தம் வருகிறது, ஆனால் சொல் பிரிவதில்லை என்கிறார் அவர். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. எதிரில் நின்று முகத்தைக் காட்டிப் பேசினால் பிடித்துக்கொள்வார்.

அந்தக் கருவியை மாட்டிக்கொண்டுதான் ஒரு சாயங்காலம் ஆணி வீட்டுக்குப் போனார். ஆணி கொல்லைப்பக்கக் கொடியில் இடது கையால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவர் வந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். திரும்பியபடியே பேச ஆரம்பித்தார். ரொம்ப நேரம் பேசினார். குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. தியேட்டருக்குக் குரல் கேட்டது. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"திரும்பிச் சொல்லுடா" என்றார்.

ஆணி திரும்பவில்லை. சொல்லி முடித்துவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்திலேயே ஆணியின் மனைவி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டவர். "என்னம்மா சொன்னான்?" என்று தியேட்டர் கேட்டார். அந்த அம்மாள் அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக, புரியும்படி சொன்னார்.

"அது அவரு உங்ககிட்ட சொன்னது அண்ணே. நான் எப்படிச் சொல்ல?"

மறுநாள் இதை என்னிடம் சொல்லிவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திட்டியிருந்தா பரவாயில்லை சார். வேற ஏதாவது சொல்லியிருந்தான்னா?"

அடுத்த மாதமும் போனார். ஆணி வீட்டில் இல்லை என்றார்கள்.