பெட்டிக்கு அடியில்

மலைமேல் செம்மேட்டில் காருக்கு ஸ்பீக்கர் பொருத்தித் தந்த அந்த மனிதர் மெலிந்தவர். சட்டையெல்லாம் மரத்தூள் அப்பியிருக்கும். செய்து முடித்த பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டுதான் பாட்டுக் கேட்பார்.

என் சின்னக் காரின் டிக்கியில், கனத்த அடிச்சத்தம் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கருக்கு ஓட்டை வைத்த பெரிய பெட்டி வேண்டாம், மூடிய பெட்டியே போதும் என்று சொன்னவர் அவர்தான்.

"அப்ப ஸ்டெப்னி எங்கீங்க வெக்கிறது?" என்று கேட்டேன்.

"பொட்டிக்கு அடியிலயே இருக்குமுங்க. கவலப்படாதீங்க."

மறுமாதம், பிரசவ வலி கண்ட தங்கையோடு மலை இறங்கும்போது ஒரு வளைவில் டயர் வெடித்தது. பெட்டியைக் கழற்றினேன். ஸ்டெப்னி இல்லை. அதற்கான குழிக்குள்ளும் பெட்டியை இறக்கியிருந்தார். பின்னால் வந்த மரவள்ளி லாரியில் தங்கையை ஏற்றினோம். குழந்தை லாரியிலேயே பிறந்தது. இருவரும் பிழைத்தது பெரிது.

மலைக்குத் திரும்பி வந்து அவரிடம், "ஏனுங்க பொய் சொன்னீங்க?" என்றேன்.

"நெசத்தச் சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. அந்தக் குழி இல்லாட்டி பொட்டிக்குள்ள காத்து பத்தாதுங்க. சத்தம் செத்துப்போயிரும்" என்றார். பிறகு உள்ளே போய் என் ஸ்டெப்னியை உருட்டி வந்தார். தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்.

விற்றிருந்தால் திருடன் என்று திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவரை என்னவென்று சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.