முன்னூற்றுப் பன்னிரண்டாவது வாசகர்

எண் 311. வெங்கடரமணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை இன்னும் நெருங்கிப் பார்க்கிறார். 311தான். ஒரு பொத்தானை அழுத்துகிறார். அந்த அழுத்தல் டெலிபோன் கம்பி வழியாக எந்த தேசத்துக்கோ போய், யாரையோ எழுப்பிக் கேட்டுவிட்டுத் திரும்ப ஒரு நிமிடம் ஆகிறது. பக்கம் மேலிருந்து கீழாக, விரல் விரலாக இறங்குகிறது. கடைசியில், அடியில், வந்தவர்கள் எண்ணிக்கை 312.

"பாத்தேளா! இப்பத்தான் ஒருத்தர் வந்துட்டுப் போயிருக்கார்" என்கிறார் என்னிடம்.

"அது நீங்கதான் சார்" என்கிறார் கடைக்காரர் அப்துல் வஹீத். லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில், பிளைவுட் தடுப்பு போட்ட ஆறு கம்ப்யூட்டர்களும், செருப்பை வெளியே விடச் சொல்லும் ஒரு பலகையுமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறார். "நானும் டெய்லி பாத்துக்கினுதான் கீறேன். நீங்க ஒரு தபா அமுக்குனா ஒரு நம்பர் ஏறுது. இன்னா சார் இது, நம்ம வூட்டு காலிங்பெல்ல நாமளே அமுக்கிட்டு, யாரோ வந்துகீறாங்கன்னு கதவத் தெறந்து பாக்கற மாதிரி!"

"அப்படிச் சொல்லாதீங்கோ பாய். நாப்பது, அம்பது என்னோடதா இருக்கும். மீதி?"

வஹீத் அடுத்த கம்ப்யூட்டரைத் துடைக்கப் போய்விடுகிறார். தினமும் வருகிற வாடிக்கையாளரிடம் கணக்குப் பாடம் நடத்தக்கூடாது என்பது தெரிந்தவர்.

வெங்கடரமணனுக்கு நாற்பத்தெட்டு வயது. அடையாறில் ஒரு தனியார் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை. இருபது வருடங்களாகப் பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதியவர். பதினொன்று அச்சாயின. பதினொன்றிலும் கடைசி வரியை வெட்டிவிட்டார்கள். உயிரே அந்தக் கடைசி வரியில்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார். போன வருடம், 1998-ல், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: இன்டர்நெட்டில் இனாமாக இடம் தருகிறார்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம், வெட்ட ஆசிரியர் கிடையாது, உலகம் முழுக்கப் படிக்கலாம். 'படிக்கலாம்' என்பதை வெங்கடரமணன் 'படிக்கும்' என்று காதில் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து வாரம் இரண்டு முறை 'மயிலைக் குறிப்புகள்' வெளிவருகிறது. கச்சேரி ரோட்டில் எருமைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் உள்ள பரஸ்பர மரியாதை, சபா கேன்டீன் போண்டா ஆண்டுதோறும் இளைத்துவருவது, இப்படி. நன்றாகத்தான் எழுதுகிறார். அதுதான் பாவம்.

நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் என்மேல் அவருக்கு ஓர் இரக்கம் உண்டு. "இன்னும் தபால்லதான் அனுப்பிண்டிருக்கேளா?" என்று, மருந்துச் சீட்டைப் பார்த்த டாக்டர் மாதிரி கேட்பார்.

உலகம் படிக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் தமிழில் எழுதினார். அந்தத் தமிழ் எழுத்து, ஃபான்ட் என்பார்கள், படிப்பவரின் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும் புழுப்போல நெளியும். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜவஹர் அண்ணாச்சி, வெங்கடரமணனின் தொல்லை தாங்காமல் ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு போன் செய்தார். "சார், நீங்க சொன்னியளேன்னு தொறந்தேன். மிசினுக்கு ஏதோ சீக்கு வந்துட்டுன்னு பயந்துபோய் பிளக்கைப் புடுங்கிட்டோம்."

வெங்கடரமணன் தளரவில்லை. எழுத்துகளை ஃபிளாப்பியில் ஏற்றி, ஐந்து ஃபிளாப்பிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மற்ற எழுத்தாளர்கள் வாசகருக்குக் கதையைக் கொடுத்தால் போதும். இவர் அ, ஆ, இ, ஈயிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. நங்கநல்லூர், கே.கே. நகர் என்று சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனார். காப்பி குடித்தார், எழுத்தை ஏற்றினார், பக்கத்தைத் திறந்து காட்டினார். "ஓ, பேஷ்" என்றார்கள். அவர் படி இறங்கியதும் குழந்தைகள் அதில் கார் பந்தயம் விளையாடின.

அண்ணாச்சி கடைக்கும் போனார். ஆடி மாதக் கூட்டத்தின் நடுவே, பில் போடும் கம்ப்யூட்டரில் எழுத்தை ஏற்றி, போண்டாக் கட்டுரையை முழுக்கப் படிக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். அண்ணாச்சி நின்றபடியே படித்தார். மெல்லிய சிரிப்பும் வந்தது. "நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். பிறகு, மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்பி, "ஆனா இது எதுக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு வெங்கடரமணன் ஒரு வாரம் தூங்கவில்லை.

வாசகர் கருத்துக்கு என்று பக்கத்தின் அடியில் ஒரு வருகைப் புத்தகம் வைத்திருந்தார். நான்கு மாதம் அது வெறும் வெள்ளையாக இருந்தது. ஐந்தாம் மாதம் பிரேசிலிலிருந்து ஒருவர் எழுதினார்: 'கூல் பேஜ். என் பக்கத்துக்கும் வாருங்கள்.' வெங்கடரமணன் அதைப் பிரின்ட் எடுத்து ஆபீசுக்குக் கொண்டுபோனார். 'கூல்' என்ற சொல்லில் கட்டுரையின் நிதானத்தையே அந்த வாசகர் குறிப்பிடுகிறார் என்று விளக்கினார். அவர் பக்கத்துக்கும் போனார். பதினாறு மோட்டார் சைக்கிள் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வரி ரசனைக் குறிப்பு எழுதிவிட்டு வந்தார். பதில் இல்லை. பிரேசில்காரருக்கு வேலை அதிகம் என்று முடிவு செய்தோம்.

இனி அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு, ஐந்து போர்ஷன். மாடியில் வெங்கடரமணனும், வீணை சொல்லித்தரும் அவர் மனைவி ஸ்ரீரஞ்சனியும். பின்கட்டில் நான். கீழே முன்பக்கம் வீட்டுக்காரி அபயாம்பாள். கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரின் ஸ்விட்ச் அவள் பூஜை அலமாரிக்குள் இருக்கிறது. அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது. சாவி இடுப்பில் இருக்கிறது. ஐந்து குடும்பங்கள் எப்போது பல் தேய்க்க வேண்டும் என்பதை அவளுடைய பாராயணம் தீர்மானிக்கிறது.

ஜூலையில் ஒருநாள் ஒன்பதரை மணிவரை குழாயில் காற்று மட்டும் வந்தது. வெங்கடரமணன் அன்று சாயந்திரமே வஹீத் கடையில் உட்கார்ந்து 'மோட்டார் மகாத்மியம்' எழுதிவிட்டார். அவர் எடுத்து வந்த பிரின்ட்டை ஸ்ரீரஞ்சனி பார்த்துவிட்டாள்.

"வீட்டுக்காரியைப் பத்தி இப்படியா எழுதறது? மாமி காதுல விழுந்தா நாம எங்க போறது? பதினாலு குழந்தைகள் இந்த ஆத்துக்குன்னு வீணை கத்துக்க வரதுகள். வேற எந்த ஆத்துல காலம்பற அஞ்சு மணிக்கு வீணை வாசிக்க விடுவா?"

"அசடாட்டம் பேசாதே. அதை யார் படிக்கப் போறா?"

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது. மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்து கை கழுவிவிட்டார்.

ஆனால் ஒருவர் படித்தார். அபயாம்பாளின் மகன் சுஹாஸ் நியூ ஜெர்சியில் இருக்கிறான். மே மாதம் லீவில் வந்திருந்தபோது அவன் கையிலும் வெங்கடரமணன் ஒரு ஃபிளாப்பியைத் திணித்திருந்தார். வாங்கியவர்களிலேயே அதை உள்ளபடி பயன்படுத்திய ஒரே மனிதன் அவன்தான். படித்தான், சிரித்தான், அங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள் முப்பது பேருக்கு எழுத்தையும் விலாசத்தையும் அனுப்பினான். முப்பது பேரும் ஆளுக்கு முப்பது பேருக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

இங்கே வெங்கடரமணனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு புதன்கிழமை எண் 390. வெள்ளிக்கிழமை 1,140. அவர் பொத்தானைத் தொடவே இல்லை, வஹீத் சாட்சி. "சார், இது நீங்க இல்ல சார்! மெய்யாலுமே ஆளுங்க வந்துகீறாங்க!" என்று அவரே எழுந்து நின்றுவிட்டார். வருகைப் புத்தகத்தில் ஏழு பேர் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். 'எங்கள் வீட்டுக்காரியும் இப்படித்தான்' என்று ஒருவர். வெங்கடரமணன் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இனி இரண்டாவது பிரேசில்காரர் தேவைப்பட மாட்டார் என்று என்னிடம் அடக்கமாகச் சொன்னார்.

சுஹாஸ் அதோடு நின்றிருக்கலாம். தாய்ப்பாசம் விடவில்லை. ஊருக்கு வந்த ஒரு நண்பனிடம் கட்டுரையைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தனுப்பினான். 'அம்மா, உன் மோட்டார் அமெரிக்கா வரைக்கும் ஓடறது' என்று மேலே ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அபயாம்பாள் மாடிப்படி ஏறினாள். முழங்கால் வலி என்று மூன்று வருடமாக மாடிக்கே வராதவள். நான் வாளியோடு படியின் கீழ் நின்றிருந்தேன். மற்ற போர்ஷன்காரர்களும் வந்துவிட்டார்கள். வெங்கடரமணன் ஷேவ் செய்துகொண்டிருந்தவர், ஒரு கன்னத்தில் சோப்போடு வெளியே வந்தார். கதவுக்குப் பின்னால் ஸ்ரீரஞ்சனி.

"இது நீங்க எழுதினதுதானே?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். சோப்பு இல்லாத கன்னமும் வெளுத்துப் போயிற்று. "மாமி, அது வந்து..."

"ஆவணி பொறந்ததும் போர்ஷனைக் காலி பண்ணிடுங்கோ. அதுக்கு முன்னாடி, பதினோரு வருஷம் குடியிருந்த மனுஷன் என்ன எழுதியிருக்கார்னு இங்க இருக்கறவாளும் கேட்டுக்கட்டும்!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். "'எங்கள் வீட்டில் இரண்டு சூரியன்கள். ஒன்று கிழக்கே உதிக்கிறது. அதற்கு யாரும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை...'"

பக்கத்து போர்ஷன் விஜயராகவனுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அபயாம்பாள் அவரை முறைத்துவிட்டு, குரலை இன்னும் உயர்த்தினாள். கோபத்தில் படித்ததாலோ என்னவோ, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அடிக்க வேண்டிய சொல்லை அடித்துப் படித்தாள். பூஜை அலமாரிச் சாவி வந்த இடத்தில் விஜயராகவனின் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கும் வாளியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

வெங்கடரமணனைப் பார்த்தேன். முதல் வரிக்குத் தலை குனிந்திருந்தவர் மூன்றாவது வரியில் நிமிர்ந்திருந்தார். ஐந்தாவது வரியில் அவர் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. ஸ்ரீரஞ்சனி உள்ளேயிருந்து, "மாமி கிட்ட மன்னிப்புக் கேளுங்கோ, மன்னிப்புக் கேளுங்கோ" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

முதல் பக்கம் முடிந்தது. அபயாம்பாள் மூச்சு வாங்க, இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். வெங்கடரமணன் சட்டென்று உள்ளே போனார். மன்னிப்புக்கு ஏதோ ஏற்பாடு என்று நினைத்தேன். கூடத்துப் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தோளிலிருந்த துண்டால் இருக்கையை இரண்டு முறை தட்டி, அவளுக்குப் பின்னால் போட்டார்.

"உக்காந்துண்டு படிங்கோ மாமி" என்று சொல்லிவிட்டு, அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.